குரல்களுக்கு ஒரு பார்டிஷன்

மார்ச் 3

ஆற்றுப் பாலத்தை இடிக்கத் தொடங்கிய வருஷம். என் இடக்கண்ணில் புரை எடுத்ததும் இதே வருஷம்தான். எனக்கு எழுத்து வராது. நான் சொல்கிறேன், மருமகள் தட்டுகிறாள். வேலையை விட்டதிலிருந்து அவள் தன் கையாலேயே லினக்ஸ் என்கிற கணினி அமைப்பு ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறாள், கொத்தனாரைக் கூப்பிடாமல் வீடு கட்டுகிற மாதிரி.

மார்ச் 5

இன்று ஹார்ட் டிஸ்க்கை நாலு பார்டிஷனாக, அதாவது நாலு அறையாக, பிரித்தாள். கணினி கண் விழிக்க ஒன்று, அமைப்புக்கு ஒன்று, நினைவகம் நிறைந்தால் வழிய ஒன்று. நாலாவது எனக்கு.

"மத்ததை அழிச்சுத் திரும்பக் கட்டினாலும் இது அப்படியே இருக்கும் மாமா."

நான் வேலை பார்த்த தூர்வாரும் படகில் நாங்கள் ஆறு பேர் ஒரு மதியம் பேசிச் சிரித்ததை அதில்தான் வைக்கப் போகிறாள். அதைப் பதிந்த டேப், கணினிக்கு மாற்றிய அன்றே அறுந்துபோனது.

"குரல்னு ஒரு ஃபோல்டர். அது வெறும் வாசல். பார்டிஷனை அந்த வாசல்ல மாட்டணும். அதான் மவுண்ட்."

வீடில்லாமல் வாசல் மட்டும் நிற்கிறது! பகலெல்லாம் அதைப் பார்த்தபடியே படுத்திருந்தேன்.

மார்ச் 6

மழை. ஜன்னலும் ஆறும் ஒரே நிறம்.

மார்ச் 8

கணினியை அணைத்துத் திரும்பப் போட்டாள். குரல் ஃபோல்டர் காலி.

குரலைக் கொண்டுவந்த பென்டிரைவில் இருக்குமே? அதை நேற்றே அழித்து வேறு வேலைக்கு எடுத்துவிட்டாளாம். "என்னை நாலு வார்த்தை திட்டிடுங்க மாமா" என்கிறாள். திட்டினால் வந்துவிடுமா — ஆறு பேர், ஒரு முழு மதியம் — எங்கே போனது?

மார்ச் 9

மதியம் கண் செருகியது. படகு தானாகப் போகிறது. தண்ணீருக்கு அடியில் யாரோ சிரிக்கிறார்கள். விழித்ததும் அஞ்சாம் தேதி நடந்ததெல்லாம் வரிசையாக வந்து நின்றது. முதலில் ஃபோல்டர் செய்தாள். பென்டிரைவைச் செருகிக் குரலைப் போட்டாள். தபால்காரர் மணியடித்தார், எழுந்து போனாள். வந்த பிறகுதான், கணினி எழும்போது எதை எங்கே மாட்ட வேண்டும் என்கிற பட்டியலில் நாலாவதைச் சேர்த்தாள்.

"நீ குரலை வைக்கறப்போ பார்டிஷனை மாட்டவே இல்லையேம்மா."

"அய்யோ! அப்போ வாசல்லயே கிடக்கு மாமா. காலி பார்டிஷனை மேல மாட்டி நானே மறைச்சுட்டேன்."

பார்டிஷனைக் கழற்றினாள். அடியில் பத்திரமாக இருந்தது.

"உங்க தலையே ஒரு ஹார்ட் டிஸ்க் மாமா."

"ஆமா, பிரிக்காத டிஸ்க். எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு கிடக்கு."

மார்ச் 10

இந்தத் தடவை முதலில் மாட்டி, பிறகு வைத்தாள். அணைத்துப் போட்டுப் பார்த்தோம், இருக்கிறது. ஐந்து தடவை கேட்டேன். படகை ஓட்டும் சாரங்கு அதட்டுகிறார், என்ஜின்காரர் இருமுகிறார், சமையல்காரர் பாடுகிறார், நெட்டை என்று நாங்கள் கூப்பிட்டவன் பொய் சொல்கிறான். ஒருத்தன் மட்டும் மூச்சு முட்டச் சிரிக்கிறான்.

"இன்னொரு பிரதி போடும்மா, அனுப்பணும்."

"யாருக்கு மாமா? எல்லாரும் போயிட்டாங்கன்னீங்களே?"

பதினேழு வருஷமாக அப்படித்தான் சொல்லி வந்தேன். அந்த ஒருத்தனோடு ஒரு வாய்ச்சண்டை, அவ்வளவுதான். அந்தச் சிரிக்கிறவன் உயிரோடுதான் இருக்கிறான். குட்டை.