எட்டாம் தேதி ஆங்கிலம் முதல் தாள்

கடிதம் எண் 112
மஞ்சக்குட்டை, 28-9-1986, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 6.20

சிரஞ்சீவி மாதேசனுக்கு அப்பா எழுதுவது. என் முழங்காலும் உன் அம்மாவின் இரத்தக் கொதிப்பும் நீங்கலாக இங்கே எல்லாம் நலம். அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் நலமாயிருப்பதை உன் கடிதத்தின் முதல் பக்கத்தால் அறிந்தேன். நீ 17ஆம் தேதி எழுதிய அக்கடிதம் 23ஆம் தேதி பகல் 11.40க்குக் கிடைத்தது. உடன் வைத்திருந்த பம்பாய் ரயில் டிக்கெட் 7-10-1986 செவ்வாய்க்கிழமைக்கு உரியது. மறுநாள் புதன்கிழமை காலை பத்து மணிக்குச் சேலத்தில் எனக்குப் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் முதல் தாள். இதை 3-8-1986 தேதியிட்ட கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தேன். தெரிந்தேதான் அந்த நாளைத் தேர்ந்தாய் என்று எண்ணுகிறேன்.

1940 மார்ச்சில் ஆங்கிலத்தில் நான்கு மதிப்பெண் குறைந்து தவறினேன். அதன் பிறகு எஸ்டேட்டில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ரைட்டராகவே இருந்தேன். நான் செக்ரோல் என்னும் கூலிப் பதிவேடு எழுதக் கற்றுக்கொடுத்த மூன்று பேர், கையில் சர்டிபிகேட் இருந்ததால், எனக்கு மேலே ஹெட்கிளார்க்காக உட்கார்ந்தார்கள். அப்போது உன் படிப்பு இருந்தது, உன் அக்காள் கல்யாணம் இருந்தது. இப்போது எனக்கு அறுபத்து நான்கு வயது, ஒரு வேலையும் இல்லை. இப்போது எழுதாமல் எப்போது எழுதுவது?

எஸ்டேட்டில் என்னோடு வேலை பார்த்த லூர்துராஜின் மகள் ஜெயகுமாரி, பள்ளி ஆசிரியை, ஜூன் முதல் ஞாயிறுதோறும் மாதா கோயில் பூசை முடிந்து வந்து பாடம் சொல்கிறாள். சென்ற வாரம் அரும்பாடுபட்டு முயல்வதைக் குறிக்கும் வினைச்சொல். ஸ்ட்ரைவ், ஸ்ட்ரோவ், ஸ்ட்ரிவன் என மூன்று வடிவம். மூன்றாவது தனியே நிற்காதாம், முன்னால் ஹேவ் என்று ஒன்று துணைக்கு வேண்டுமாம். அடுப்படியிலிருந்து உன் அம்மா, அதுக்கும் தொணைக்கு ஆளு வேணுமா, உங்களாட்டவே இருக்குதுங்க என்றாள்.

நாளை செய்யப்போகும் வேலையைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதச் சொன்னாள் ஜெயகுமாரி. நான் இறந்தகால ஸ்ட்ரோவ் போட்டு எழுதினேன். ஏனுங்க ரைட்டரய்யா, நாளைக்குப் பண்றத நேத்தே பண்ணி முடிச்சுட்டீங்களே என்று சிரித்தாள். அது கை செய்த பிழை. அன்றன்றைய ரிப்போர்ட் விடியற்காலையே ஜீப்பில் ஆபீசுக்குப் போக வேண்டும் என்பதால், மறுநாள் வேலையை முந்தின மாலையே முடிந்ததாக எழுதிவிடுவது எங்கள் எஸ்டேட் வழக்கம். 12-7-1969 சனிக்கிழமை கரடியூர் டிவிஷனில் களை வெட்டி முடிந்தது என்று முந்தின மாலையே எழுதிவிட்டேன். அந்தச் சனிக்கிழமை பெய்த மழையில் ஒருவர்கூட வேலைக்கு இறங்கவில்லை. எனக்கு மெமோ வந்தது. இதைச் சொன்னதும் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, இனிமேல் நடக்கறதுக்கு முந்தி எழுதாதீங்கய்யா என்றாள்.

நீயும் அதையே செய்திருக்கிறாய். எப்படியும் பெயிலாகத்தான் போகிறீர்கள், என் நண்பர்கள் காதுக்கு எட்டினால் எனக்குத்தான் அவமானம் என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். நான் இன்னும் பேனாவே திறக்கவில்லை, அதற்குள் நீ ரிப்போர்ட் எழுதிவிட்டாய். அவமானம் வந்தால் அது என்னுடையது. உனக்கு அதில் பங்கு தருவதாயில்லை. தவறினால் மார்ச்சில் மறுபடி எழுதுவேன், அதிலும் தவறினால் அடுத்த அக்டோபரில். தேர்வு முடிந்த பிறகு பம்பாய்க்கு வருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் தேதியை நான் குறிப்பேன்.

உன் அம்மா உன் பக்கம் என்று எண்ணாதே. நேற்று மாலை என்னிடம், தூக்குப்போசில சோறு கட்டிக்கிட்டு நானும் வாரனுங்க, நீங்க உள்ள எழுதுங்க, நான் கேட்டுக்கு வெளிய மரத்தடியில உக்காந்துக்கறேன் என்றாள். எட்டாம் தேதி காலை 5.50 பஸ்ஸுக்கு இருவரும் புறப்படுகிறோம்.

நீயும் உன் குடும்பமும் நோய்நொடியின்றி நீடு வாழ மனமார வாழ்த்துகிறேன். குழந்தையைப் பம்பாய்க் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க விடாதே. டிக்கெட்டை இரண்டு நாள் முன்னதாகவே ரத்து செய்துவிடு.

இப்படிக்கு,
சி. வேலுசாமி

இத்துடன் இணைத்திருப்பவை:
1. சேலம்–பம்பாய் ரயில் டிக்கெட், பயன்படுத்தாதது, ஒன்று.
2. ஹால் டிக்கெட்டின் கைப்பிரதி, ஒன்று.
3. ஜெயகுமாரி திருத்திய தாள், பத்துக்கு ஏழு. படிக்க வேண்டியிருப்பதால் உடனே திருப்பி அனுப்பவும்.
4. உன் கடிதத்தின் இரண்டாம் பக்கம். இதைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.