நாற்பத்தொன்றாவது மாணவர்

ஜூலை 3

பாப்பாவின் அப்பாவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. என் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். பாதிப் பேர் எதிரே பெஞ்சில், பாதிப் பேர் வீட்டிலிருந்து திரையில். மூன்று நாளாக வருகைப் பதிவில் நாற்பத்தொன்று! முன் பெஞ்சில் நம் பாப்பா பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். திரையிலும் அவள் பெயர், கேமராவை அணைத்தபடி. “உங்க பொண்ணு ரெட்டையா டீச்சர்?” என்று ஸ்டாஃப் ரூமே சிரிக்கிறது. தலைமையாசிரியை எழுத்தில் விளக்கம் கேட்கிறார். பாஸ்வேர்டை உங்களுக்குக் கொடுத்ததாகப் பாப்பா ஒப்புக்கொண்டுவிட்டாள். பிரிந்து எட்டு மாதமாயிற்று. என் வகுப்பில் உங்களுக்கென்ன வேலை?

பாப்பாவின் அம்மா

ஜூலை 6

டீச்சரம்மாவுக்கு,

நான்தான். வேறு யாருக்கு இந்த மூளை வரும்? நீ போனதிலிருந்து எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்து நடந்து, “சார், தரை தேஞ்சா ஓனர் கேப்பாரு” என்கிறார் கீழ்வீட்டுக்காரர். உன் குரல் கேட்டால் மட்டும் உட்கார்ந்துவிடுகிறேன். பின்னக் கணக்குகூடப் புரிந்துவிட்டது! “நான் சொல்றத ஒரு தடவையாவது முழுசா கேளுங்க” என்று சொல்லித்தானே பெட்டியைக் கட்டினாய்? மூன்று நாள், தினம் முக்கால் மணி நேரம், வாயே திறக்காமல் கேட்டேன். திருந்திவிட்டேன். திரும்பி வந்துவிடு.

உன் வாயாடி

ஜூலை 9

பாப்பாவின் அப்பாவுக்கு,

நீங்கள் எங்கே வாயை மூடினீர்கள்? எல்லா மைக்கையும் மியூட்டில் போட்டது நான். பாஸ்வேர்டை மாற்றியாகிவிட்டது. “வந்தது என் வீட்டுக்காரர்” என்று எழுதிக் கொடுத்து மானம் போனதுதான் மிச்சம்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். கடிதத்தில் சொல்ல முடியாது. சனிக்கிழமை நான்கு மணிக்கு நேரில் வாருங்கள். நான் பேசி முடிக்கும்வரை கேட்டால் போதும். திரும்பி வருவதா வேண்டாமா என்று அப்புறம் முடிவு செய்கிறேன்.

பாப்பாவின் அம்மா

ஜூலை 13

டீச்சரம்மா,

நேற்று நான்கு மணிக்கு டாணென்று வந்து நின்றேன், பார்த்தாயல்லவா? நீ “அதாவதுங்க…” என்று ஆரம்பித்தாய். நான் பஸ் பஞ்சரான கதையைச் சொன்னேன். பிறகு, பொறுமையாகக் கேட்பது எப்படி என்று நான் கற்றுக்கொண்டதை விளக்கினேன். அதற்கே ஒரு மணி நேரம் பிடித்தது. பாப்பா இரண்டு தடவை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “அப்பா பேசிக்கிட்டு இருக்கேன்ல?” என்றேன். ஆறரைக்கு நீ எழுந்து கதவைத் திறந்துவிட்டாய். நல்லபடியாகப் போயிற்று என்ற நினைப்பில் விசிலடித்துக்கொண்டே வீடு வந்தேன்.

செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது.

நீ என்ன சொல்லக் கூப்பிட்டாய்?