அந்த ஆளின் கைக்குக் கீழே இருக்கும் முடிச்சு

கில்டரவா, கிளேர்
மே மாதம், ஞாயிறு, பூசைக்குப் போய் வந்த பிறகு

அன்புள்ள லோர்கனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. எந்த அப்பா என்று கேட்காதே, கிளேரில் இருக்கிற அப்பா. நானும் உன் அம்மாவும் சுகம், நாய்க்கு மட்டும் முன்காலில் முள் ஏறி, என்னைப் போலவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைகிறது. ஹாலிஃபாக்ஸில் நீயும் மெரெடித்தும் நன்றாகத்தான் இருப்பீர்கள், பக்கத்திலேயே மாமனார் இருக்கும்போது உங்களுக்கு என்ன குறை. இங்கே மழை விட்ட பாடில்லை, வெட்டிய புல் வயலிலேயே ஊறிக் கிடக்கிறது, வெள்ளைப் பசு இரட்டைக் கன்று போட்டது, இரண்டும் கிடாரி. உன் பழைய அறையில் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, நானே ஏறி ஓடு மாற்றினேன், ஏணியைப் பிடிக்க ஆள் இல்லாததால் அம்மா பிடித்தாள், பிடித்தபடியே முழு நேரமும் திட்டினாள்.

நீ அனுப்பிய படம் வந்தது. அம்மாதான் செல்போனில் அடியில் இருந்த எழுத்தைப் படித்தாள், "அப்பாவும் நானும், ஒரே முடிச்சு" என்று. படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏன் கோல்மன், நீ எப்ப ஹாலிஃபாக்ஸ் போன, தலையில முடியெல்லாம் திரும்ப முளைச்சிருக்கே" என்றாள். அவளுக்கு அது வேடிக்கை. எனக்கு இல்லை. உன் மாமனாரை நீ வெண்டல் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாய், அவர் எப்போது அப்பா ஆனார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, முழங்கைக்குக் கீழே பச்சை குத்திக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய நிற்கிறீர்கள். குத்தியிருப்பது எந்த முடிச்சு? நம் மாட்டுப் புல்வெளிக்குப் பின்னால் இடிந்த கோயிலில் சாய்ந்து கிடக்கும் கல்லில் செதுக்கிய பின்னல் முடிச்சு. அந்தக் கல்லை நீ எட்டித் தொடுவதற்கு உன்னைத் தூக்கிப் பிடித்தவன் நான். அவர் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு அவர் போனில் என்னிடம் பேசினது நினைவிருக்கிறதா? "நம்ம முன்னோர்கள் எல்லாம் உடம்பு பூரா நீலத்துல இந்த முடிச்சைக் குத்திக்கிட்டுத்தான் சண்டைக்குப் போவாங்க, கோல்மன், உங்களுக்குத் தெரியாததா" என்று எனக்கே பாடம் எடுத்தார். நம்ம முன்னோராம்! அவருடைய பாட்டிக்குப் பாட்டி நம் நாட்டுக் கார்க் துறைமுகத்தில் கப்பல் ஏறினாள், அதோடு சரி. அன்றைக்கு நானும் தலையை ஆட்டினேன், போனில் தலை ஆட்டி என்ன பிரயோசனம். இந்தப் படம் வந்த பிறகு விட மனசில்லாமல் என்னிஸ் நகர நூலகத்துக்குப் போய் ஒரு தடிப் புத்தகம் எடுத்துவந்து படித்தேன், அவரை மடக்குவதற்காகத்தான், வேறு புனிதமான காரணம் ஒன்றும் கிடையாது. நீலம் பூசிக்கொண்டார்கள் என்று ரோமத் தளபதி எழுதியது கடலுக்கு அந்தப் பக்கம் பிரிட்டனில் இருந்தவர்களைப் பற்றி, அதுவும் பூசினார்களா குத்தினார்களா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். நம் ஆட்கள் ஊசியால் குத்திக்கொண்டார்கள் என்று ஸ்பெயினில் ஒரு பிஷப் எழுதி வைத்தார், அவர் இங்கே வந்து ஒரு கோப்பை டீ குடித்தவர் இல்லை. இந்தப் பின்னல் முடிச்சோ, சண்டைக்காரன் தோலில் இருந்து வந்ததே அல்ல, துறவிகள் புத்தகத்திலும் கல்லிலும் போட்டது, அவர்களும் இத்தாலி, எகிப்து, ஜெர்மன்காரன் கொல்லுப்பட்டறை என்று கண்ட இடத்திலும் பார்த்து எடுத்ததுதான். சுருள் சுருளாகப் போடுகிறோமே, அதற்குத்தான் வயது அதிகம். முடிச்சைத் தோலில் குத்தும் ஆசை பரவியதெல்லாம் எனக்குக் கல்யாணம் ஆன காலத்தில்தான், ஊரை விட்டுப் போனவர்களுக்குத்தான் அது அதிகம் தேவைப்பட்டது. இதையெல்லாம் அவரிடம் சொல். நான் சொன்னதாகவே சொல். மேசையில் புத்தகத்தைப் பார்த்துவிட்டு உன் அம்மா, "இது வெறும் வயித்தெரிச்சல், சோடா உப்பு கரைச்சுக் குடிச்சாலும் அடங்காது" என்றாள். ஆமாம், வயிற்றெரிச்சல்தான். இல்லை என்று நான் எங்கே சொன்னேன்.

இனிமேல் எழுதப்போவதைத்தான் எழுத உட்கார்ந்தேன். நம் கல்லில் இழை ஒரு தடவை மேலே போனால் அடுத்த தடவை கீழே போகும், கடைசி வரைக்கும் அப்படித்தான், இடது கீழ் மூலையில் மட்டும் இரண்டு தடவை தொடர்ந்து மேலேயே போய்விடும். கல்தச்சன் கண்ணயர்ந்த இடம் என்று நம் ஊரில் அதற்குப் பெயர், தூங்கிவிட்டான் என்று சிலரும், வேலி ஓரமாக ஒரு பெண் போனாள் என்று சிலரும் சொல்வார்கள். ஊரை விட்டுப் போகிறவன் கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்துவிட்டுத்தான் போவான். பிசகே இல்லாத முடிச்சில் வாசல் ஏது, போனவன் எந்த வழியாகத் திரும்பி வருவான் என்பது நம்மவர்கள் கணக்கு. நீயும் வைத்தாய். விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று நான் காரில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தேன், நீ அந்த மழையில் கோயிலுக்கு ஓடிப் போய் வைத்துவிட்டு வந்து சேறும் சகதியுமாக ஏறினாய்.

படத்தில் வெண்டலின் கையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவருடைய முடிச்சில் அந்தப் பிசகு இல்லை. உங்கள் ஊர்ப் பச்சை குத்தும் கடைக்காரன் சரிசெய்துவிட்டான், மேலே கீழே மேலே கீழே என்று அச்சடித்தது போல ஓடுகிறது. எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே, நாய்க்கு ஒரு முழு சாசேஜ் போட்டேன். அப்புறம் உன் கையைப் பார்த்தேன். சரியாக அந்த மூலையில் அந்த மனிதர் தன் இன்னொரு கையை வைத்துப் பிடித்திருக்கிறார். பெரிதாக்கப் பெரிதாக்க அவருடைய நகம்தான் தெரிகிறது. அதற்கு அடியில் வாசல் இருக்கிறதா, அடைத்துவிட்டார்களா என்று தெரியவில்லை. வருகிற ஆகஸ்டில் வருகிறேன் என்று சொன்னவன் இப்போது மாமனாரின் படகுக்கு வண்ணம் அடிக்க வேண்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறாய். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு தகப்பனுக்கு என்ன தோன்றும்? போனில் கேட்டிருக்கலாம்தான். கேட்டால் நீ உடனே பதில் சொல்லிவிடுவாய், அதை உடனே கேட்டுக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை. கடிதம் என்றால் போய் வருவதற்குக் கொஞ்ச நாள் ஆகும்.

இன்னொரு விஷயம், அம்மா எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை சந்தையில் காளைக்கன்றை விற்ற கையோடு பச்சை குத்தும் கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். ஈஃபா என்று ஒரு பெண், உன் வயதுகூட இருக்காது, நான் கொண்டுபோன கல்லின் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பெரியவரே, இந்த மூலையில ஒரு தப்பு இருக்கு, நான் சரிபண்ணிடறேன்" என்றாள். "அம்மா தாயே, அந்தத் தப்புக்குத்தான் நான் காசு கொடுக்கறேன், மத்ததெல்லாம் வேணும்னா நீ எப்படியோ போட்டுக்கோ" என்றேன். வலித்தது, பொய் சொல்ல மாட்டேன், அந்த மூலை வந்தபோது இன்னும் வலித்தது. ஊரில் தலைகாட்ட முடியவில்லை. மதுக்கடை மார்ட்டி எல்லார் முன்னாலும், "மாடு தொலைஞ்சா கண்டுபிடிக்கக் காதுல அட்டை மாட்டறோம், கோல்மனுக்குக் கையிலயா? அடுத்து மூக்குத்தியா?" என்றான். நேற்றிலிருந்து அரிக்கிறது, சொறியக் கூடாதாம், உன் அம்மா கையைத் தட்டிவிட்டுக்கொண்டே இருக்கிறாள், ஆனால் நான் பார்க்காத நேரம் அவளும் அதையே பார்க்கிறாள்.

உனக்கும் மெரெடித்துக்கும் கடவுள் குறைவில்லாமல் கொடுக்கட்டும், வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், கடலில் போகும்போது மிதவைச் சட்டை போட்டுக்கொள், அந்த ஆள் வேண்டாம் என்று சொன்னாலும் போட்டுக்கொள். அவர் நல்ல மனிதர் என்று மெரெடித்தும் எழுதினாள், நீயும் எழுதினாய், நல்ல மனிதராக இருப்பதுதான் எனக்குத் தொந்தரவு. மறக்காமல் ஒரு காரியம் செய். யாருடைய கையும் மேலே இல்லாமல், உன் கையை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்பு. அந்த மூலையில் பிசகு இருந்தால், அது தோலில் இருப்பது இந்த உலகத்தில் நம் இரண்டு பேருக்குத்தான். இல்லாவிட்டால் படம் அனுப்பாதே, எனக்குச் சொல்லவும் வேண்டாம். ஆகஸ்டில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வா, எவ்வளவு வெயில் அடித்தாலும் கழற்றச் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
கையில் தப்போடு காத்திருக்கும் உன் அப்பா,
கோல்மன்