சம்பந்தி வீட்டு ஸ்பெயின்

வென்ட்வேர்த்வில், சிட்னி
06.05.2024

அன்பு மகள் மெலனிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் முழங்கால் நோவைத் தவிர வேறு குறையில்லை. நீ போனை எடுக்கிறாயில்லை, அதனால் எழுதுகிறேன். சனிக்கிழமை மெல்பேர்னுக்கு வந்தபோது உன் வருங்கால மாமியாரிடம் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "நீங்கள் அள்ளிக்கொண்டு போன பொன் எல்லாம் இப்ப எங்கே?" பெண் கொடுக்கிறவன் குடும்பத்தை விசாரிப்பது வழக்கம்தானே. கொலம்பஸ் போன நாள் தொட்டு மெக்சிக்கோ, பெரு என்று ஸ்பெயின்காரர் சுருட்டியது கொஞ்சமா? யாழ்ப்பாணம் போர்த்துக்கீசரிடம் விழுந்தபோது போர்த்துக்கலையும் ஆண்டது அதே ஸ்பெயின் அரசன்தான். தெரிந்தவன் கேட்காமல் இருப்பானா?

அப்பா,
பொனிபஸ்

மெல்பேர்ன்
09.05.2024

அப்பாவுக்கு,

தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றுகிறது. மத்தேயோவின் அம்மா ரோசா அன்ரி ஸ்பெயின்காரி இல்லை! பெருவின் மலைச்சனம். அவவின் முன்னோரைப் பிடித்துத்தான் வெள்ளிச் சுரங்கத்துக்குள் இறக்கினார்கள். களவு கொடுத்த வீட்டில் போய்க் களவுப் பொருளைக் கேட்டிருக்கிறீர்கள். ஸ்பானிய மொழி பேசினால் ஸ்பெயின்காரியா? அப்படியென்றால் பொனிபஸ் என்று பெயர் வைத்திருக்கும் நீங்கள் எந்த நாட்டார்? ரோசா அன்ரி குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதா.

அவவுக்கு ஒரு வரி மன்னிப்பு எழுதுங்கள். கல்யாணத்தன்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கோயில் பீடத்துக்கு நடக்கத்தான் எனக்கு ஆசை. எழுதாவிட்டால் ஜூன் முதலாம் தேதி தனியே நடப்பேன்.

மெலனி

வென்ட்வேர்த்வில்
17.05.2024

அன்பு மகளுக்கு,

நீ சொன்னதைச் சரிபார்க்க நூலகத்தில் புத்தகங்கள் எடுத்தேன். சரிதான். ஸ்பெயின் எப்படி விழுந்தது என்று எழுதி இத்துடன் ஒன்பது பக்கம் வைத்திருக்கிறேன். நெப்போலியன் ஸ்பெயினுக்குள் புகுந்தது, அமெரிக்க நாடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றது, பெருவில் அவர்கள் படை தோற்றது, 1898இல் கியூபாவும் பிலிப்பைன்சும் கைவிட்டுப் போனது எல்லாம் இருக்கிறது. சம்பந்தியம்மாவுக்கு வாசித்துக் காட்டு. பெண்ணைப் பெற்றவன் கல்யாணத்துக்கு முன்னமே மன்னிப்புக் கேட்டால் பிறகு அந்த வீட்டில் அவனுக்கு என்ன மதிப்பு? இது போதும்.

அப்பா

மெல்பேர்ன்
22.05.2024

அப்பா,

ஒன்பது பக்கத்தையும் மொழிபெயர்த்து வாசித்தேன். தொண்டை வறண்டதுதான் மிச்சம். ரோசா அன்ரி கடைசிவரை கேட்டுவிட்டு, "இதில் மன்னிப்பு எங்கே?" என்றா. பிறகு, "ஸ்பெயின் போகும் என்று எங்கட ஆக்கள் முந்நூறு வருசம் காத்திருந்தவை. உன்ர அப்பாவுக்குக் கொஞ்சம் காத்திருக்கலாம்" என்று சிரித்தா.

எனக்கு அந்தப் பொறுமை இல்லை. மன்னிப்பைத் தவிர உலகத்தில் உள்ளது எல்லாவற்றையும் எழுதும் மனிதரோடு என்னால் இனி மல்லுக்கட்ட ஏலாது. தனியே நடக்கிறேன் என்று பாதரிடம் சொல்லிவிட்டேன்.

மெலனி

வென்ட்வேர்த்வில்
27.05.2024

மகள்,

பயப்படாதே, வரலாறு இல்லை.

பிழை என்னுடையது. வியாழக்கிழமை மெல்பேர்னில் வந்து இறங்கியதும் நேரே ரோசா அம்மாவின் வீட்டுக்குத்தான் போவேன். உன்னை மொழிபெயர்க்கக் கூப்பிட மாட்டேன். கைகூப்பி நின்றால் அவவுக்கு விளங்கும். உன் அம்மா உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கே இதைச் செய்ய வைத்திருப்பா.

அதற்குப் பிறகும் உனக்குக் கோபம் ஆறாவிட்டால் கோயிலில் கடைசி வாங்கில் இருந்துகொள்கிறேன். ஆனால் நீ தனியே நடந்து வருவதை மட்டும் என்னால் பார்க்க ஏலாது, மகள்.

அப்பா