கை நின்றால் அப்பா தூங்குகிறார்

அன்புள்ள அக்காவுக்கு,

நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். போனில் சொல்ல முடியாது; அப்பா கேட்டுவிடுவார்.

அப்பாவின் கைநடுக்கத்துக்காக நீ வாங்கி அனுப்பிய மணிக்கட்டுப் பட்டையை நர்ஸ் வந்து கட்டிவிட்டார். நடுக்கம் மூளையில் ஒரு தாளம் போலக் கிளம்புகிறதாம். பட்டை அனுப்பும் மெல்லிய மின்சாரம் நரம்பு வழியே போய் அந்தத் தாளத்தைக் கலைக்கிறதாம். எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார் அப்பா. சற்று நேரத்தில் கை அடங்கிவிட்டது. கழற்றிய பிறகும் வெகுநேரம் ஆடவில்லை. என் மூக்குக்கண்ணாடியின் கடுகளவு திருகாணியை அவரே முடுக்கினார். "பாத்தியா பேராசிரியரே, கண்ணாடிக் கடையத் திரும்பத் தொறந்துடலாம் போலிருக்கே!" என்று என்னைப் பழைய கேலிப்பெயரில் கூப்பிட்டுச் சிரித்தார். அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

அப்பா விழித்திருந்தால் கை ஆடும், தூங்கினால் நிற்கும். சின்ன வயதில் அந்தக் கையைப் பார்த்துவிட்டுத்தானே நாம் அவருக்குத் தெரியாமல் பிஸ்கட் டப்பாவைத் திறப்போம்?

ஞாயிறு மத்தியானம் நீ போனில் பேசியபோது அப்பா கண்மூடிப் படுத்திருந்தார். கை அசையவில்லை. பழைய பழக்கத்தில், தூங்குகிறார் என்று நினைத்து, அவர் கட்டிலிலேயே உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டேன். "கடைய வித்துடலாம்டி. அவர முதியோர் இல்லத்துல சேத்துட்டு நீ எங்கிட்ட வந்துடு. அவருக்கு மெதுவாச் சொல்லிக்கலாம்" என்றாய். நானும் "சரிக்கா" என்றேன்.

போனை வைத்த பிறகுதான், போர்வை விலகி, அவர் மணிக்கட்டில் பட்டை தெரிந்தது.

சாயங்காலம் ஒரு துளி சிந்தாமல் டீ குடித்துவிட்டு, "அந்த இல்லத்துல ஜன்னலோரமாக் கட்டில் கெடைக்குமா?" என்று கேட்டார். கோபப்பட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அதிலிருந்து எந்நேரமும் பட்டையோடு கண்மூடிக் கிடக்கிறார். கூப்பிட்டால் பதில் இல்லை. தூங்குகிறார் என்று எழுந்தால், கதவருகே போவதற்குள் "எங்க போற?" என்கிறார். குரலில் தூக்கக் கலக்கமே இல்லை. நேற்று வாசலில் நர்ஸிடம், அப்பா தூங்குகிறாரா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கிசுகிசுத்தேன். அவருக்கும் தெரியவில்லை. நான் உள்ளே வந்ததும், "எதுக்கு அவங்களக் கேக்குற? எங்கிட்டக் கேளு" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

எழுதும்போது வாய்விட்டுப் படிப்பது என் வழக்கம். இன்று உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

அக்கா, லீவு போட்டுவிட்டு வா. விற்பதென்றாலும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல். நான் சொன்ன "சரி"யை நானும் உன் பக்கத்தில் நின்று திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் தங்கை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. கரண்ட் போகவில்லை, ஃபேன் சுற்றுகிறது. தெருவிளக்கு வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். சுவிட்ச் அப்பாவின் தலைமாட்டில் இருக்கிறது. கண்மூடித்தான் படுத்திருக்கிறார். கை அசையவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை. விளக்கை அணைத்தது நான் இல்லை.