டீக்கு முன்னால் அரை மணி நேரம்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் ஒரு முட்டையில் பாதி. "அவ்வளவுதானா?" என்றாள் மனைவி. "வயிறு ரொம்பிடுச்சு" என்றேன். பொய் இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் எடை குறைய இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கிவிட்டார்கள். அவசரமாக நாலு வாய் உள்ளே போனால் நெஞ்சில் வந்து நிற்கும்.

ஆனால் வேனை எடுத்து முதல் சிக்னல் வருவதற்குள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துவிட்டேன். பிளாஸ்க்கில் டீ. நனைத்துவிட்டால் மெல்லவே வேண்டாம், வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். கூட்டாளியை ஏற்றிக்கொள்ளும் இடம் வரைக்கும் ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. முன்சீட்டுக்கு அடியில் இருக்கிற டப்பாவில் நட்டு போல்ட்டு இருப்பதாக அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். லிப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் வேனில் வேறென்ன இருக்கும்?

மார்ச் 5, வியாழன்

இன்னொரு பேன்ட் தையல் விட்டுவிட்டது. துவைத்துச் சுருங்கிவிட்டது என்றேன். எல்லாப் பேன்ட்டுமா சுருங்கும்?

மார்ச் 9, திங்கள்

மானம் போயிற்று.

பழைய அடுக்குமாடி ஒன்று. லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஒரு அம்மாவும் அவருடைய காய்கறிப் பையும். அந்தக் கட்டிடத்தில் மோட்டார் அறை உச்சியில் இருக்கிறது. ஏணியில் ஏறி, தளத்தில் விட்டிருக்கும் சதுர ஓட்டை வழியாக நுழைய வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னால் அந்த ஓட்டைப் பக்கமே போகமாட்டேன், ஒல்லிதான் போவான். (கூட்டாளி அப்படியொன்றும் ஒல்லி இல்லை. என் பக்கத்தில் நின்று நின்று வந்த பெயர்.) ஆபரேஷனுக்குப் பிறகு எல்லா ஓட்டைக்கும் நான்தான் முதல் ஆள். அவனைத் தள்ளிவிட்டு ஏறுவேன். அப்படி ஒரு பெருமை.

இன்று தலை போயிற்று, தோள் போயிற்று, வயிறு நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. "மச்சான், மூச்ச வெளிய விடு" என்றான் கீழேயிருந்து. விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் இரண்டு காலையும் பிடித்து இழுத்தான். சட்டைப் பொத்தான்கள் தெறித்துப் படிக்கட்டில் உருண்டன. அவனே ஏறிப்போய்க் கையால் மோட்டார் சக்கரத்தைச் சுற்றி லிப்டை இறக்கினான்.

வெளியே வந்த அம்மா, "ஏன்ப்பா இவ்வளவு நேரம்?" என்றார். "மேல கதவு துருப்பிடிச்சுப் போச்சும்மா" என்றான் ஒல்லி.

திரும்பி வரும்போது வேனில் அவன் நாளைக்குப் போக வேண்டிய கட்டிடங்களைப் பற்றியே பேசினான். சும்மாவே என்னைக் கிண்டல் பண்ணாமல் அவனுக்குப் பொழுது போகாது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

மேற்பார்வையாளருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "மே மாசம் வரைக்கும் பாப்போம். அதுக்கப்புறமும் இப்படின்னா ஆபீஸ்ல உக்காந்து போன் எடுங்க. நல்ல வேலைதானே?" என்றார். நல்ல வேலையாம். மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்கிற என்னைக் கொண்டுபோய் மேஜைக்குப் பின்னால் வைத்து, "வணக்கம், எந்தக் கட்டிடங்க?" என்று கேட்கச் சொல்கிறார். நான் செத்தே போவேன்.

மார்ச் 13, வெள்ளி

ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாலு வருஷமாக அவர்கள் கூப்பிட்டும் போகாத இடம். டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார், விட்டுப்போன சத்து மாத்திரைகளை மறுபடி எழுதினார், உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்.

அந்த அம்மாளிடம் நான் சாப்பிடும் அளவைச் சொன்னேன். பாதி முட்டை, ஒரு கை சோறு. கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

"அப்ப எடை காத்துலேர்ந்தா ஏறுது?" என்றார். அப்புறம், "பிஸ்கட்டா, ரொட்டியா? எத டீயில நனைக்கிறீங்க?"

இவருக்கு யார் சொன்னது?

"யாரும் சொல்லல. இங்க வர்றவங்க நெறைய பேரு அதத்தான் பண்றாங்க. கெட்டியா இருக்கறது நிக்கும், வலிக்கும். அதனால வழுக்கிட்டுப் போறதா பாத்து, நாள் பூரா கொறிக்கிறது."

சொன்னது இவ்வளவுதான். முட்டை, மீன், பயறு முதலில். கூழாகும் வரை மெல்ல வேண்டும். உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. இனிப்பு மொத்தமாக இறங்கினால் வேர்த்து மயக்கம் வரும். முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் டீ.

கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்டார். "கடைசியா உங்களுக்கு எப்பங்க பசிச்சுது? வாய் கேக்கறதச் சொல்லல. வயிறு."

வீடு வரைக்கும் யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

மார்ச் 14, சனி

வேன் சீட்டுக்கு அடியில் இருந்த பிஸ்கட் டப்பாவைக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தேன். திறந்து பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்களுக்குப் பசியே இல்லைன்னு நெனச்சு, நான் ரெண்டு பேருக்கு சமைக்கறதையே விட்டுட்டேன்" என்றாள். "நீங்க சாப்பிட்டு நான் பாத்து எத்தன வருஷமாச்சு? ரெண்டு வாய் வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிடுவீங்க. நான் ஒத்தையில உக்காந்து தின்னுட்டிருப்பேன்."

பிஸ்கட்டைத்தான் ஒளித்துவைத்தேன் என்று நினைத்திருந்தேன். என்னையே அவளிடமிருந்து ஒளித்துவைத்திருக்கிறேன் என்று தோன்றவே இல்லை.

மார்ச் 18, புதன்

மெல்வது ஒரு வேலையா? வேலைதான். தாடை வலிக்கிறது. மீன் ஒரு துண்டு முடிப்பதற்குள் மனைவி சாப்பிட்டு, கையைக் கழுவி, மறுபடி வந்து உட்கார்ந்துவிட்டாள். மாடு அசை போடுவதைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த அரை மணி நேரத்தை என்ன செய்வது? கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. எழுந்து சொட்டுகிற குழாயைச் சரிசெய்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். அசையவே இல்லை. கடிகாரமும் ரிப்பேரோ?

மார்ச் 22, ஞாயிறு

ஆடுகிற நாற்காலி, முனகுகிற கதவு, மூடாத ஜன்னல், எல்லாம் சரியாகிவிட்டது. "இன்னும் ஒரு மாசம் இப்படியே இருங்க, வீட்டை வித்தா நல்ல வெல வரும்" என்கிறாள்.

சிரித்தேன். டீ வந்தது. வெறும் டீ. எதையோ தொலைத்தவன் மாதிரி கை மேஜையில் தேடுகிறது.

ஏப்ரல் 6, திங்கள்

போச்சு. எல்லாம் போச்சு.

காலையிலிருந்து மூன்று இடம். ஒரு அலுவலகத்தில் யாருக்கோ பிறந்தநாள், கேக்கை ஒரு தட்டில் போட்டுக் கையில் திணித்தார்கள். வேண்டாம்னு சொல்ல வாய் வரல. வேனுக்குள்ள போய் நின்னுக்கிட்டே தின்னேன், டீய ஊத்தி ஊத்தி. பத்து நிமிஷத்துல வேர்த்துக் கொட்டுது, நெஞ்சு அடிச்சுக்குது, தல சுத்துது. ஸ்டியரிங்குல சாஞ்சு கெடந்தேன். எதுக்குடா உனக்கு இந்தப் பொழப்பு? வயித்தயும் வெட்டியாச்சு, இன்னும் என்னத்த வெட்ட?

ஒல்லி வந்து பார்த்தான். தட்டையும் பார்த்தான். என்னைப் பக்கத்து சீட்டுக்குத் தள்ளிவிட்டு அவனே ஓட்டினான். வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது, "நட்டு போல்ட்டு டப்பா எனக்கு எப்பவோ தெரியும் மச்சான்" என்றான். "நீயே சொல்லுவேன்னு பாத்தேன்."

ஏப்ரல் 7, செவ்வாய்

முட்டை. மென்றேன். காத்திருந்தேன். டீ.

ஏப்ரல் 19, ஞாயிறு

இன்று அரை மணி நேரம் தாண்டியதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. அவளுடைய தங்கையின் வீட்டுச் சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தக் கதை எல்லாம் இந்த வீட்டில்தான் நடந்துகொண்டிருந்ததா? நான் எங்கே இருந்தேன்? வேனில் இருந்தேன்.

ஏப்ரல் 28, செவ்வாய்

தூக்கம் சரியில்லை. மே வரப்போகிறது. பேன்ட் இடுப்பில் கொஞ்சம் தொளதொளக்கிறது, இல்லை, அப்படி எனக்குத் தோன்றுகிறது. ஓட்டை பெரிதாகாது. நான்தான் ஆக வேண்டும், சின்னதாக.

மே 4, திங்கள்

அதே கட்டிடம். மாதாந்திரப் பராமரிப்பு. மேற்பார்வையாளரும் கூட வந்து, கையைக் கட்டிக்கொண்டு ஏணிக்குக் கீழே நின்றார்.

தலை போயிற்று. தோள் போயிற்று. வயிறு விளிம்பில் நன்றாகவே உரசியது. ஒரு பொத்தான் இழுத்துக்கொண்டு நின்றது. பக்கவாட்டில் திரும்பினேன். போய்விட்டேன். கீழே ஒல்லி விசில் அடித்தான். மேற்பார்வையாளர், "சரி, வேலையப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஒல்லியும் ஏறி வந்தான். கம்பிக்கயிற்றைப் பார்த்து, பிரேக்கைத் துடைத்து, எண்ணெய் விட்டு முடிக்க மதியம் ஆகிவிட்டது. திடீரென்று உடம்புக்கு என்னவோ செய்தது. வயிற்றுக்குள் யாரோ பிசைகிற மாதிரி. பயந்துவிட்டேன். உள்ளே தையல் ஏதாவது விட்டுப்போயிற்றோ?

"ஒரு மாதிரி இருக்குடா. ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"எங்க வலிக்குது?"

"வலி இல்ல. காலியா இருக்கு. இழுக்குது."

ஒல்லி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "காலையில என்ன தின்ன?"

"முட்டை. ஏழு மணிக்கு. அப்புறம் ஒண்ணும் இல்ல."

"யோவ், அது பசிய்யா" என்றான்.

மனைவி கொடுத்துவிட்ட டப்பாவைத் திறந்தேன். பயறும் மீனும். மோட்டார் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மென்றேன். ஒல்லி அவனுடைய டீயை எடுத்துக்கொண்டு வெளியே போகப் பார்த்தான். இங்கேயே குடி, எனக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது என்றேன்.

அப்புறம் அவளுக்கு போன் போட்டேன். "எனக்கு இன்னைக்குப் பசிச்சுது" என்றேன். அந்தப் பக்கம் அரிசி டப்பாவைத் திறக்கிற சத்தம். பிறகு கேட்டாள், ராத்திரிக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்து சமைக்கட்டுமா என்று.