சாவிச் சத்தம்

இன்சீன், பர்மா,
புதன்கிழமை.

அன்புள்ள ஜெசிந்தா அப்பாவுக்கு,

அந்த ஊர்க் குளிர் உங்களைத் தொடாமல் மாதா காக்கட்டும். நானும் பாப்பாவும் சுகம்.

போன் இருக்கக் காகிதத்தில் எழுதுகிறேனே என்று பதறாதீர்கள். பட்டாளத்தார் வழியில் மறித்துப் போனை வாங்கிப் பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டுத் தஸ்லீமா அக்கா பாங்காக் போகிறார், அங்கே தபாலில் போட்டுவிடுவார். கரண்ட் இப்போதுதான் வந்தது. தண்ணீர் ஏற்றி, சோறு வடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பாப்பா தூங்குகிறாள்.

நீங்கள் அவளிடம் போனில் சொன்ன கதையில்தான் எல்லாம் தொடங்கியது. உங்களுக்கு அறை கொடுத்திருக்கும் யர்மிலா அம்மா, கம்யூனிஸ்ட் ஆட்சி போன அந்த நவம்பரில், நீங்கள் இருக்கும் அந்தப் பிர்னோ ஊர்ச் சதுக்கத்தில் சனத்தோடு நின்று வீட்டுச் சாவியை ஆட்டினாராம். நேரமாச்சு, வீட்டுக்குப் போங்க என்று ஆட்சிக்கு அடித்த மணியாம் அது. அவர்களும் போனார்களாம். அதற்கு முந்தின வருடம்தான் நம் ஊரும் தெருவில் இறங்கியது என்று என் அப்பா சொல்வார். அவர்களுக்குக் கதவு திறந்தது. நமக்கு வெகுநாள் கழித்து ஒரு பத்து வருடம் திறந்த மாதிரி இருந்து, நான் பட்டம் வாங்கி, உங்களைக் கட்டி, பாப்பா வயிற்றில் இருக்கும்போது பட்டாளம் ஆட்சியைப் பிடித்து மறுபடி மூடிவிட்டது. பேயை விரட்டுகிறோம் என்று ஊரே சட்டி தட்டியதே, நாமும் சன்னலில் நின்று தட்டினோமே. சட்டிதான் நசுங்கியது.

இன்னொன்றை உங்களிடம் போனில் சொல்ல முடியவில்லை. என் தம்பி ஜோஸ் ஒரு மாதமாக நம் வீட்டில்தான் இருந்தான். தன்லியின் ஊரில் அவன் வார்டில் பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கச் சீட்டுக் குலுக்கியதில் அவன் பெயர் வந்துவிட்டது. அன்றே ஒரு பையோடு வந்து நின்றான். இராத் தங்குகிறவர் பெயரை வார்டு ஆபீசில் எழுத வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எப்படி எழுதுவேன்? பகலில் சன்னல் பக்கமே வரமாட்டான். கதவு தட்டினால் குளியலறைக்குள் போய்விடுவான்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பாப்பா ஸ்டூலில் ஏறி, சன்னல் கம்பிக்கு வெளியே சாவிக்கொத்தை நீட்டி ஆட்டுகிறாள். பர்மியப் பேச்சில், நேரமாச்சு, வீட்டுக்குப் போங்க என்று கத்துகிறாள். கீழே ரோந்து லாரி. மீன் கையோடு ஓடி அவளை இழுத்தேன். லாரிக்காரர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்தது எதிர்க் கட்டடத்து டோ சான், நம் பத்து வீட்டைக் கவனிக்க வார்டு ஆபீஸ் வைத்த தலைவி. கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம்.

அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பாப்பா பிறந்தபோது எனக்குக் கஞ்சி கொண்டுவந்தவர். ஆனால் அன்று என் முகத்தைப் பார்க்கவில்லை, வாசலில் கிடந்த ஜோஸின் செருப்பைப் பார்த்தார். யாருடையது என்று கேட்டார். என் பின்னாலிருந்து பாப்பா சொன்னாள்:

"அப்பா செருப்பு. அப்பா வந்ததும் போட்டுக்குவாங்க."

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நேராகக் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். டோ சான் அவள் தலையைத் தடவி, பிள்ளை கெட்டிக்காரி, செருப்பை உள்ளே எடுத்து வை என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அது உதவியா மிரட்டலா, இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

குளியலறையிலிருந்து வந்த ஜோஸ் சிரிக்கத்தான் பார்த்தான். பிறகு சொன்னான், "எனக்காகப் பாப்பா பொய் சொல்லிடுச்சுக்கா. நல்லாவும் சொல்லுது. நான் இங்கயே இருந்தா அதுவே பழகிடும்."

மறுநாள் ஊரைச் சுற்றும் சர்க்குலர் ரயிலில் ஏறிவிட்டான், அதே செருப்போடு. எந்தப் பக்கம் என்று எழுதமாட்டேன். போய்ச் சேர்ந்ததும் ஆள் மூலம் சொல்லியனுப்புகிறேன் என்றான். இன்னும் ஒன்றும் வரவில்லை.

யர்மிலா அம்மாதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறார். ஆட்சி சில வாரத்தில் மாறியது, மற்றது மெல்ல வந்தது என்றீர்கள். அவர் வீட்டுக்காரர் வேலை பார்த்த நெசவாலையின் பங்குகளைக் கூப்பன் புத்தகம் போட்டு ஊருக்கே பிரித்தார்களாம். தன் ஆலைக்குத் தானே பங்காளி ஆன மனிதர், அந்த ஆலை மூடியதும் வீட்டில் உட்கார்ந்தாராம். எல்லை திறந்ததும் மகன் ஜெர்மனிக்குப் போனவன் போனவன்தானாம். அப்போ கிறிஸ்மஸுக்கு மட்டும் வந்த வாழைப்பழம் இப்போ வருஷம் முழுக்கக் கிடைக்குது, தின்னத்தான் ஆளில்லை என்பாராம். இத்தனை மாறியும், கதவு தட்டினால் அவர் கை தானாகப் போய் ரேடியோவைத் தணிக்கிறது என்றீர்களே. அன்று இருவரும் சிரித்தோம்.

அவரிடம் எனக்காக ஒன்று கேளுங்கள். வீட்டில் ஒரு பேச்சு, பள்ளியில் ஒரு பேச்சு என்றுதானே அவர் மகனும் வளர்ந்திருப்பான். அந்தப் பழக்கம் எந்த வயதில் அவனை விட்டது? விட்டதா? எங்களைக் கூப்பிட்டுக்கொள்ளும் காகிதங்களுக்காக உங்களை நான் அவசரப்படுத்தவில்லை. இதைக் கேட்டு மட்டும் சொல்லுங்கள்.

பாப்பாவுக்கு இனி சாவிக் கதை வேண்டாம். பனியைப் பற்றிச் சொல்லுங்கள், டிராம் வண்டியைப் பற்றிச் சொல்லுங்கள். சாவி ஆட்டியும் அப்பா ஏன் வரவில்லை என்று நேற்று கேட்டாள்.

ஜோஸ் வீட்டுச் சாவி ஒன்றைக் கொண்டுபோயிருக்கிறான். அவன் எங்காவது மாட்டினால் அது நம் கதவைக் காட்டிக்கொடுக்கும், பூட்டை மாற்று என்கிறார் தஸ்லீமா அக்கா. அவர் சொல்வது சரிதான். ஆனால் இன்னொரு சாவி உங்களிடம் இருக்கிறது. நான் மாற்றவில்லை.

உங்கள் இருவர் வழியிலும் தேவமாதா துணை நிற்கட்டும். எப்போது வந்தாலும், எந்த நேரமானாலும், கதவைத் தட்டாதீர்கள். திறந்துகொண்டு வாருங்கள்.

உங்கள்
ஆன்மேரி